இடது கை

முதலாவதைக் கடைசியில் சொல்கிறேன்.
இரண்டாவது 'உப்புப் பெண்'.
மழை பட்டால் கரைந்துபோவாள்,
அதுதான் அவளுக்குள்ள ஒரே குறை.
மஸ்கெலியாவில் ஒரு கிழமை தாங்கமாட்டாள் என்று
ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நகரத்துக் குழாய்களையெல்லாம் வில்லன் திறந்துவிட்டபின்
பஸ் தரிப்பிடத்துத் தகரத்தடியில் ஒதுங்கி நின்று
கையை மட்டும் வெளியே நீட்டிப் பார்ப்பாள்.
நகம் போகும்.
பிறகு விரல்.
அந்தத் தகரச் சத்தம் எனக்குப் பழக்கம்.
லயத்துக் கூரையில் இரவெல்லாம் அதே சத்தம்.

'நள்ளிரவுத் தும்பி' மூன்றாவதா, ஐந்தாவதா?
அது நாளைக்கு ஒரு மாதிரி.
தமிழ்ப்படுத்தியவர்கள் அவனைச் சென்னைக்காரனாக்கி
"இன்னாடா" என்று கேட்கவைத்த பிறகுதான்
சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்த விட்டார்கள்.
இருக்கட்டும்.
அதில் ஓர் இடம் வரும்.
சண்டை முடிந்து அறைக்கு வருகிறான்.
உடுப்பைக் கழற்றிப் பேசினில் ஊறப்போடுகிறான்.
சாயம் கழன்று தண்ணீர் நீலமாகிறது.
ஜன்னலில் காயப்போடுகிறான், காயவில்லை.
மறுநாள் கூப்பிடுகிறார்கள், போகிறான்.
ஈர உடுப்போடு வேலைக்குப் போகிற வீரனை
வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.
விடிய ஐந்தே முக்காலுக்கு
கார்மென்ட் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்,
நாற்பது பேரை.

என் மச்சான் கிருஷாந்தனுக்குக்
கீறின படங்கள்தான் உசத்தி.
"மனுஷனை வைத்து எடுத்தால் கயிறு தெரியும் அக்கா,
கீறினால் என்னவும் செய்யலாம்."
உண்மைதான்.
ஆனால் கீறின அங்கிக்குத் தையல் கிடையாது.
எனக்குக் கயிறு தெரியவேண்டும்.
முழங்காலில் துணி சுருங்கவேண்டும்.
பறக்கிறவனின் கக்கத்தில் ஒரு கிழிசலும்
அதை வேறு நூலால் யாரோ அவசரமாய் மூட்டியதும்
தெரியவேண்டும்.
வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு
"கையைத் தூக்குங்க சேர்" என்று சொல்லியிருப்பாளே ஒருத்தி,
அவள் பெயர் கடைசியில்
எறும்பு மாதிரி ஓடுகிற எழுத்துக்குள் இருக்கும்.
நான் நிறுத்தித் தேடுவேன்.
வாசிக்கத்தான் தெரியாது.

நான் இருபத்திரண்டாம் மெஷின்.
எனக்கு வருவது இடது கை.
தோளில் பொருத்தி, தட்டி, அடுத்தவளுக்குத் தள்ளவேண்டும்.
மணிக்கு எழுபது.
ஆறு வருடத்தில் ஒரு முழு ஜாக்கெட் தைத்ததில்லை.
வலது கை புவனலோஜினியுடையது.
நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை.

சரி, முதலாவது.
'ஏழாம் மின்னல்'.
கதை குப்பை, வில்லன் அதைவிடக் குப்பை,
பார்த்தவர்கள் எல்லாரும் காறித் துப்பினார்கள்.
மவுசாகலைத் தண்ணீர் தெரிகிற முடக்கில்தான்
போனுக்குச் சிக்னல் வரும்.
அங்கே குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாலம் விழப்போகிறது, அவன் பாய்கிறான்,
படம் நின்றுவிட்டது.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
அந்தரத்தில் தொங்குகிறவனை எவ்வளவு நேரம் பார்ப்பது?
கண் கீழே இறங்கியது.
ஓடுகிற கூட்டத்தில் ஒருத்தி,
கடுகு மஞ்சள் ஜாக்கெட்,
இடது கையில் சின்னதாய் ஒரு ஸிப்.
அந்த ஸிப் ஊசியை உடைக்கும்.
இரண்டு மாதம் எங்கள் லைனில் ஓடிய உருப்படி அது,
என் கட்டைவிரலில் இன்னும் தழும்பிருக்கிறது.

உலகத்தில் எத்தனை கம்பனி,
எத்தனை மஞ்சள் என்றாள் ஜெசிந்தா.
இருக்கலாம்.

வட்டம் நின்றது.
அவள் அந்தக் கையால்தான்
ஒரு பிள்ளையை இழுத்தெடுத்தாள்,
பாரம் முழுதும் தோளில்.
தையல் பிரியவில்லை.
மேலே அவன் பாலத்தைப் பிடித்தானாம்,
ஊரே கை தட்டியதாம்.
நான் பின்னுக்குத் தள்ளித் தள்ளி
அவளையே ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்,
டேட்டா முடியும்வரை.