இரண்டு நாற்பது

பெண்டிகோவில் பிப்ரவரி.
மழை விட்டு மூன்றாம் நாள்.
தகர வாளி, பூச்சட்டியின் அடித்தட்டு,
பக்கத்து வீட்டு ஆல்பி மறந்துபோன
பொம்மை லாரியின் பின்பெட்டி,
எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டேன்.
தேங்கிய நீரெல்லாம் எனக்குக்
கொசுவின் தொட்டில்.

கூண்டுக்கு வலை.
வலைக்கு மேல் வலை.
பழைய திரைச்சீலையில் நானே தைத்தது,
ஊசிமுனை மட்டும் போகும் கண்கள்.
அதில் ஒரு கண் மட்டும் பெரிதாக இருந்துவிட்டால்?
டார்ச்சோடு போவேன்.
பதினொன்றுக்கு.
பன்னிரண்டேகாலுக்கு.
இரண்டு நாற்பதுக்கு.

இந்த நாட்டில் மிக்ஸோவுக்கு
வளர்ப்பு முயலுக்கென்று ஊசி கிடையாது.
காட்டு முயல்களைத் தீர்த்துக்கட்ட
அரசாங்கமே அவிழ்த்துவிட்ட நோய் அது.
அதற்கு எப்படித் தெரியும்
டர்னிப்புக்கு ஒரு பெயர் இருப்பது,
திருமதி ஹோப்புக்கு
வாழைப்பழத் தோல் பிடிக்கும் என்பது.

இமையைத் தொடுவேன். காதின் அடியைத் தொடுவேன்.
மூக்கு ஈரமா, வெறும் பனியா.
புழுக்கைகளை எண்ணுவேன்,
நேற்றைவிட ஆறு குறைந்தால்
அந்த ஆறோடு விடியும்.

"ப்ரோன்வின், அதுக்கு ஒண்ணுமில்ல,
வந்து படு" என்பான் கெல்வின்.
"தெரியும்" என்பேன்.
வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
கால் செருப்பைத் தேடும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே,
என் பயம் அந்த ரகம்.
நான்கையும் தூக்கிக் காட்டினால்
"அந்த நாலாவதை
இன்னொரு தரம் காட்டு" என்கிறது.

ஒன்பது வயதில் பார்த்தேன்.
வேலியோரம், பட்டப்பகலில்,
எங்களைக் கண்டும் ஓடாத ஒரு முயல்.
முகம் இருந்த இடத்தில் வீக்கம் இருந்தது.
அப்பா என்னைக் காருக்குள் போகச் சொன்னார்.
பின்கதவு திறந்தது,
மண்வெட்டி எதிலோ உரசியது.
நான் கேட்டது அவ்வளவுதான்.
மிச்சத்தை நாற்பது வருடமாக
நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் டர்னிப் தின்னவில்லை.
புல்லை முகர்ந்து திரும்பிக்கொண்டது.
விடிவதற்குள் காரில் போட்டு ஓட்டினேன்,
மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு,
அந்த நெருப்பு பயத்தில்
என் சட்டையில் மூத்திரம் போனது.

டாக்டர் ஃபென்விக் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
இமையைப் பார்த்தார், எனக்காக,
இரண்டு முறை.
"நோய் இல்லை.
எடை குறைஞ்சிருக்கு.
இது ராத்திரியில நிம்மதியா இருக்குதா?"

கெல்வின் சுவரில் இருந்த
பூனைகளின் காலண்டரைப் பார்த்தான்.

அன்று இரவும் போனேன்.
வெளிச்சம் பட்டதும்
டர்னிப் பின்னங்காலால் தரையை அடித்தது.
ஓங்கி. மறுபடி ஓங்கி.
நரி வந்தால், பருந்து வந்தால்
முயல் முயலுக்குச் சொல்லும் சேதி.
திருமதி ஹோப் வைக்கோலுக்குள் பாய்ந்தாள்.
நான் சட்டென்று திரும்பி
தோட்டம் முழுக்க டார்ச் அடித்தேன்.
நரி இல்லை.
வேலி, துணிக்கொடி, கவிழ்த்த வாளி,
பிறகு நான்.

பேட்டரிகளை ஆல்பிக்குக் கொடுத்துவிட்டேன்.
லாரி இப்போது மஞ்சள் விளக்கு போட்டுக்கொண்டு
அவர்கள் வீட்டு வாசலில் ஓடுகிறது.
காலை ஏழுக்கு ஒருமுறை, மாலை ஆறுக்கு ஒருமுறை.
கெல்வின் குளிர்பதனப்பெட்டியில் எழுதி ஒட்டினான்.
இடைப்பட்ட நேரத்துக்கு
அவன் ஒன்றும் எழுதவில்லை.

முதல் இரவு அழுதேன்.
இரண்டாம் இரவு கதவுவரை போனேன்.
மூன்றாம் இரவு பற்றிச் சொல்ல மாட்டேன்.

இது ஐந்தாவது.
இரண்டு நாற்பது.
ஜன்னலில் நிலா,
அதிலும் ஒரு முயல்,
வலையில்லாமல்.
கெல்வின் குறட்டை விடுகிறான்.
அங்கே இரண்டு உயிர்கள்
தூங்கிக்கொண்டிருக்கலாம்.
இருக்கலாம் என்ற அந்தச் சொல்லை
வாயில் போட்டுக் கரையவிடுகிறேன்,
கசப்பு மாத்திரை மாதிரி,
தண்ணீர் இல்லாமல்.

அறைக்குள் ஒரு கொசு.
காதருகே வந்து போகிறது.
அடிக்கவில்லை.
கையைப் போர்வைக்கு வெளியே
நீட்டி வைத்திருக்கிறேன்.
வா.
இங்கேயே இரு.