நிலுவை 43

ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று
சென்னையில் கிளம்பிய சுற்றறிக்கை
குடியாத்தத்தில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு
பேரணாம்பட்டில் என் ரேஷன் கடைக்கு வந்து சேர்ந்தபோது
விரல் வைக்காதவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

ஞாயிறு கடைக்குத்தான் லீவு.
மிஷினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன்,
கூட ஒரு ஈரத்துணி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள்
பதினாறு வருஷம் கைவிட்டவர் ஏசுபாதம்.
கட்டைவிரல். பொருந்தவில்லை.
ஆள்காட்டி. பொருந்தவில்லை.
பத்தும் முடிந்த பிறகு
"கால்ல பாக்கிறியாம்மா?" என்றார்.
சிரிக்கவில்லை.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது மிஷின்,
எவ்வளவு மரியாதை அதற்கு.

கண்ணைப் பார்க்கும் கருவி தாலுகாவுக்கு மூன்று.
ஒன்று ரிப்பேர்.
மற்ற இரண்டும் எங்கே என்று
எனக்கும் தெரியாது.

ரஹமத்பீ பீடி முறத்தைக் கீழே வைக்கவேயில்லை.
தானும் பிள்ளைகளும் விரல் வைத்தாயிற்று.
அட்டையில் நாலாவது பெயர்?
"பெங்களூர்ல ஷூ கம்பெனி. வந்துடுவார்."
போன ரம்ஜானுக்கு வரவில்லை.
அதற்கு முந்தினதுக்கும்.
தெருவுக்கே தெரிந்த விஷயம்.

"பேரை எடுத்தா எவ்ளோ கொறையும்?"
அஞ்சு கிலோ என்றேன்.
"நாலு நாள்" என்றாள்,
இலையை நறுக்கியபடி.

இறப்பு உறுதியாகாமல்
யாரையும் நீக்க வேண்டாம்:
சுற்றறிக்கையின் ஐந்தாம் வரி.
அதை எழுதியவர்
யாருக்காவது காத்திருந்தவராக இருக்கலாம்.
வழக்கமாகப் போடுகிற வாசகமாகவும் இருக்கலாம்.
நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
வெளியூர். வர வேண்டியவர்.

இருட்டும்போது நிலுவை இருபத்தொன்பது.
சார்ஜ் தீர்ந்துவிட்டது. எனக்கும்.

திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆள் ஏசுபாதம்.
ராத்திரி முழுக்க எண்ணெய் தடவியிருக்கிறார்,
உள்ளங்கை இரண்டையும் மேலே பார்க்க வைத்து
சிந்திவிடக் கூடாத எதையோ ஏந்துகிறவர் மாதிரி
நிற்கிறார்.
பொருந்தவில்லை.

பதிவேட்டைத் திருப்பி நீட்டினேன்.
கையெழுத்துப் போட்டால் போதும்,
அதற்கும் ஒரு வரி இருக்கிறது.
எழுத்தெழுத்தாகப் போட்டார்.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
'ம்' மேல் புள்ளி வைத்து,
சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார்.

எடையாளர் அரிசியைக் கொட்டும்போது
பையின் வாயை அகலமாகப் பிடித்திருந்தன
பத்து விரல்களும்.