மிளகு

வலது கன்னத்துக்குள் யாரோ
ஈரச் சிமெண்ட் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
குனிந்தால் கண்ணுக்குப் பின்னால் சாய்கிறது.
நவம்பரில் தொடங்கியது.
தௌகவா ஆறு உறைந்து, உடைந்து, ஓடியும்விட்டது.
இது மட்டும் இளகவில்லை.

மீன் விற்கிறவள் நான்,
ரீகா சந்தையில், குழாயடிக்குப் பக்கத்துக் கடை.
செவுளைப் பிரித்து மூக்கருகே பிடித்தால்
எத்தனை மணிக்கு வலையேறியதென்று
சொல்லிவிடுவேன், முன்பெல்லாம்.
இப்போது ஹெர்ரிங்கும் ஒன்றுதான்
தரை துடைத்த துணியும் ஒன்றுதான்.

பூனைதான் என்றார்கள்.
அவன் பெயர் பிபர்ஸ்; எங்கள் பேச்சில் மிளகு.
'மிளகை மடியில் வைத்துக்கொண்டு
தும்மல் எங்கிருந்து என்று தேடுகிறாள் பார்'
தராசுத் தட்டு குலுங்கச் சிரித்தாள்
எதிர்க்கடை வெல்தா.

டாக்டர் ப்ரீடே என் முன்கையில்
பேனாவால் எண்கள் போட்டார்.
பிர்ச் மகரந்தம், தூசிப்பூச்சி, பூஞ்சை, நாய்,
எண்ணுக்கு ஒரு துளி, துளிக்கு ஒரு குத்து.
ஏழாவது, பூனை.
இருபது நிமிடம் கையை நீட்டியபடி
அந்த ஏழையே பார்த்திருந்தேன்,
சிவந்துவிடாதே, சிவந்துவிடாதே என்று.

ஒன்றும் எழவில்லை.
ஒப்பிட்டுப் பார்க்க வைத்த துளி மட்டும்
கொசுக்கடியாய்த் தடித்தது.
'உங்களுக்கு எதுவும் ஒவ்வாமை இல்லை' என்றார்.
சொல்லி முடிப்பதற்குள் ஆறு முறை தும்மினேன்.
ஸ்கேனிலும் கொஞ்சம் வீக்கம்,
காரணம் எழுதும் இடத்தில் ஒரு கோடு.

காரணமில்லாத நோய்க்குச்
சந்தை முழுக்க வைத்தியர்கள்.
திரைச்சீலைகளைக் கொதிநீரில் துவைத்தேன்.
கம்பளத்தைச் சுருட்டி விற்றேன்.
ஒரு நாசியில் ஊற்றிய உப்புநீர்
மறு நாசியில் வராமல்
தொண்டையில் இறங்கியது, கடல் குடித்தேன்.
படுக்கையறைக் கதவைச் சாத்தினேன்;
கதவுக்கடியில் ஒரு முன்கால்
இரவெல்லாம் தேடிக்கொண்டிருந்தது.

கடைசியில் கூடையில் போட்டு
யெல்கவாவில் மகள் லாஸ்மாவிடம் விட்டுவந்தேன்.
ஆறு வாரம்.
ஆறு வாரமும் தும்மினேன்.
ஒவ்வொரு தும்மலுக்கும் அலமாரி மேலிருந்து
தூக்கம் கெட்ட எரிச்சலில் ஒரு 'ம்' வரும்.
அது வரவில்லை.
நாற்காலியில் ஒட்டிய ரோமத்தை
ஒட்டுநாடாவால் எடுத்தேன்.
எடுத்ததைக் குப்பையில் போடாமல்
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
எதற்கென்று என்னைக் கேட்காதீர்கள்.

லாஸ்மாவே கொண்டுவந்து விட்டாள்,
கிழிந்த சோபாவின் புகைப்படத்தோடு.

அன்று மாலை, கடையில் மிஞ்சிய மீன்கள் இரண்டு.
பொட்டலம் பிரிக்குமுன்
மூக்கில் வேர்த்ததுபோல் வந்து நின்றான்.
ஒன்றைத் தலையோடு தின்றான்.
மற்றதை முகர்ந்தான்.
காது பின்னால் போனது.
தட்டைச் சுற்றி வெறுந்தரையைச் சுரண்டிச் சுரண்டி
இல்லாத மண்ணால் அதை மூடினான்.
நானும் எடுத்து முகர்ந்தேன். சிமெண்ட்.

காலையில் அர்வீத்ஸுக்குப் போன் செய்தேன்.
'செவ்வாய்க்கிழமைப் பெட்டியில் பழசு கலந்தாயா?'
ஒரு மூச்சு நேரம் பேச்சில்லை.
'யார் சொன்னது?'
'என் மூக்கு' என்றேன்.

இப்போது வீட்டுக்கு வரும் பெட்டிக்கெல்லாம்
அவன்தான் முதல் முத்திரை.
கதவு திறந்தே கிடக்கிறது.
இரண்டு தலையணை, பாதி உட்கார்ந்த தூக்கம்,
வாயால் மூச்சு, மார்பில் நாலரைக் கிலோ.

நேற்று மூன்று மணிக்கு
இடது நாசி தானாகத் திறந்தது.
இரண்டு மூச்சு, போனால் மூன்று.
புழுதி, வெயில் காய்ந்த கம்பளி,
கொஞ்சம் மீன்.
எதனால் திறந்ததென்று தெரியவில்லை,
விளக்கைப் போட்டு
யாரை எழுப்பிக் கேட்பது.
அடைத்துக்கொண்டது. தும்மினேன்.

'ம்' என்றான்.