அந்த ஊர்க் காசு

ருஸ்தாவியில் காசுக்கு லாரி என்று பெயர்.
நம் காதில் விழுவது வேறு லாரி.

ஒஹாயோவில் மோதிய வெள்ளைக் கார்
கப்பலேறி வந்திருக்கிறது.
முகம் இல்லை.
பின்பக்கம் மட்டும்
ஒன்றுமே நடக்காதது போல.

ஸ்வியாத் கதவை நெம்பித் திறக்கிறான்.
ஒருநாளும் இழுபடாத மினுக்கோடு
சீட் பெல்ட் தூணில் தொங்குகிறது.
பூட்டில் செருகியிருக்கிறது
பெல்ட் இல்லாத வெறும் நாக்கு;
எச்சரிக்கை மணியின் வாயடைக்க
யாரோ காசு கொடுத்து வாங்கியது.

பிடுங்கிப் பார்த்து
"முட்டாள்" என்கிறான்.

பிறகு கத்தியை எடுத்து
வெடித்துச் சரிந்த ஏர்பேக்கை
அறுத்து எறிகிறான்.
புதிது எண்ணூறு லாரி.
அந்த இடத்தில் அரிசியளவு ரெசிஸ்டர்,
இரண்டு லாரி.
மேலே புது மூடி.

சாவியைத் திருப்ப
சிவப்பு விளக்கு
ஆறு நொடி யோசித்து
நம்பி
அணைகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை.
இரவுப் பணி முடித்த கண்களோடு
நர்ஸ் கெத்தேவான்
ஸ்டியரிங்கைத் தடவிப் பார்க்கிறாள்.
"ஓடுமா?"
"தண்ணீர் மாதிரி."

யாரும் சொல்லாமலே
பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொள்கிறாள்.
கிளிக்.

திபிலிசி சாலை மழையில் பளபளக்கிறது.
அவள் எண்ணிக் கொடுத்ததை
ஸ்வியாத் பைக்குள் திணிக்கிறான்.
உள்ளே அந்த நாக்கு
சில்லறையோடு உரசுகிறது.