இருபத்தொரு முறை இல்லை

புன்ட்டா அரேனஸ் மருத்துவமனையின் அடித்தளத்தில்
எனக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி, சன்னல் இல்லை.
மேலே காற்று. நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
கீழே என்னை அழைப்பவர்கள்
தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாதவர்கள்.

சொல்லாதீர்கள் என்பதற்குள் சொல்லிவிடுவார்கள்.
மூன்றாம் மாடி நர்ஸ்: விட்டுப்போனவன் பெயர்,
போன வருடம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
விதிப்படி ஏதாவது ஒரு குறி வேண்டுமே.
கிடங்குக்காரர்: செத்த நாயின் பெயர்.
தொண்ணூறு நாளுக்கொருமுறை மாற்றச் சொன்னபோதெல்லாம்
நாய்க்கு ஒரு வயது கூட்டினார்.
இயக்குநர்: ஒன்றிலிருந்து ஆறு வரை. அவ்வளவுதான்.

வாசலில் நின்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும் என்ற காலம்
போன ஜூனில் முடிந்தது.
இனி சொல்லோடு கையில் ஏதாவது இருக்க வேண்டும்.
கைப்பேசியில் ஆறு இலக்கம், ஆயுள் முப்பது நொடி.
கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள்
கிழடாகிவிடுகிறது என்று கணக்கர் திட்டினார்.
அல்லது விரல்.

சலவைக்கூடத்து எர்மெலிந்தா மன்சீயா
விரலை வைத்தார். சிவப்பு.
துடைத்து வைத்தார். சிவப்பு.
பத்து விரலும்.
இருபத்தாறு வருட வெளுப்பில்
போர்வைக் கறைகளோடு ரேகையும் போயிருந்தது.
"நான் நானில்லை என்கிறதா இது?"
சிரிக்கவில்லை. இயந்திரத்தை அல்ல,
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பெட்டியிலிருந்து ஒரு சாவி எடுத்துக் கொடுத்தேன்.
கட்டைவிரல் நகமளவு, பல் இல்லாத சாவி.
செருகித் தொட்டால் போதும்,
எந்த விரல் என்று அது கேட்காது.
பச்சை. சம்பளச் சீட்டு திறந்தது.
இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் விடுபட்டிருந்ததை
அப்போதுதான் பார்த்தார்.

ஆகஸ்டில் ஓரிரவு, மூன்றேகால். டாக்டர் பாரியெந்தோஸ்.
"நீங்களா, நீங்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, நெலிதா.
பதினேழு தடவை. ஆம் என்று அழுத்திவிட்டுத் தூங்கட்டுமா?"
நீங்கள் இப்போது எங்காவது நுழைகிறீர்களா?
"கட்டிலில் கிடக்கிறேன்."
அப்படியானால் அது நீங்கள் இல்லை.
"தெரியும். விடமாட்டேன் என்கிறதே."

எவனோ, எங்கோ, அவருடைய சொல்லைத் திருடிக்கொண்டு வந்து
கதவை அல்ல,
அவருடைய அலுப்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

இல்லை என்று அழுத்துங்கள்.
"மறுபடி கேட்டால்?"
மறுபடி இல்லை. நான் பூட்டை மாற்றும்வரை.

போனை வைக்காமலே அழுத்தினார்.
ஒவ்வொரு தடவையும் "நானில்லை" என்று வாய்விட்டும் சொன்னார்.
பக்கத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள்.
பதினெட்டு. பத்தொன்பது.
நான் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தேன்.
இருபத்தொன்றில் நின்றது.
ஆனால் அவர் வைக்கவில்லை. சற்று நேரம்
இருவரும் அது மறுபடி கேட்கக் காத்திருந்தோம்.

காலையில் வெளியே வந்தால் காற்று ஆளைத் தூக்கியது.
கயிற்றைப் பிடித்தேன்.
எதிர்ப்பக்கமிருந்து அதே கயிற்றில் எர்மெலிந்தா.
இருவரில் ஒருவர் கையை விட்டால்தான் மற்றவர் போகலாம்.
"அந்த ஞாயிற்றுக்கிழமைப் பணம் வந்ததா?" என்று கத்தினேன்.
அவர் சொன்னது காதில் விழவில்லை.
சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை இழுத்துக் காட்டினார்:
ஒரு புனிதர் பதக்கம், பக்கத்தில் பல் இல்லாத சாவி.
பிறகு கயிற்றை விட்டுவிட்டு
என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.