சேதாரம்

காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கியதும்
முதல் எடை மாவுக்கு.
அண்ணாச்சி வரப் பத்தாகும்.
தராசில் சில்வர் டப்பாவை வைத்து
பூஜ்யமாக்கி, அதற்குள் அவனை இறக்குவேன்.
முன்பெல்லாம் விளிம்பில் கைவைத்து எம்பி
எண்களைக் குலைத்துப்போடுவான்.
குத்துமதிப்பாய் ஒன்றை எழுதிக்கொள்வேன்.
இன்றைக்கு எண் உடனே நின்றுவிட்டது.

நாற்பத்தோரு பவுன்.
கிராமில் முந்நூற்று இருபத்தெட்டு.
பொங்கலுக்கு ஐம்பத்திரண்டரை இருந்தான்.
பதினொன்றரைப் பவுன்
எந்தப் பட்டறையில் சேதாரமாய்ப் போனது?

கல்லூரி ஆய்வகத்தை மூடியபோது
கூண்டோடு தூக்கிவந்தவள் ஜெபஷீலா.
என்னோடு மாடி அறையில் இருந்தாள்.
ஓசூரில் வேலை கிடைத்ததும்
'ரெண்டு வாரம் பாத்துக்கிடுங்கக்கா' என்றாள்.
பதினாறு மாதம்.
எங்கள் கடைப் பேச்சில் சொன்னால்
முழுகிப்போன பொருள்.

சொதியில் குழைத்த சோறென்றால்
இரண்டு கையாலும் வாரி உண்பவன்
இப்போது அருகில் வந்து, மோந்து,
கடன் கேட்க வந்து சொல்லாமல் திரும்புகிறவரைப் போல
மூலைக்குப் போய்விடுகிறான்.
அவித்த சிறுகிழங்கைத் தூக்கினான்.
வாய்வரை கொண்டுபோனான்.
கீழே வைத்தான்.

சமாதானபுரம் மருந்துக்கடையில்
'எலிக்கு மருந்து வேணும்' என்றேன்.
பையன் கேட்டான், 'கேக்கா, பேஸ்டாக்கா?'
வேறெப்படிக் கேட்பது?
நம் பேச்சில் எலிக்கு மருந்து என்றால்
ஒன்றே ஒன்றுதான்.

ராமையன்பட்டி ஆஸ்பத்திரிக்கு
கட்டைப்பையில் வைத்து டவுன்பஸ்ஸில் போனேன்.
வரிசையில் எனக்கு முன்னால் காங்கேயம் காளை ஒன்று,
பின்னால் வயிறு உப்பிய வெள்ளாடு.
'எலியவா வளக்கிய?' என்றார் ஆட்டுக்காரர்.
'வயல்ல கெடக்கே, மூடை மூடையா. வேணுமா?'
பதிவேட்டில் மாடு, ஆடு, கோழி, நாய், பூனை.
எழுதுகிறவர் பேனாவைக் கடித்துவிட்டு
'இதர' என்று போட்டார்.

டாக்டர் முத்துப்பேச்சி டார்ச் அடித்து
வாயைத் திறந்து காட்டினார்.
மேல்பல் ஒன்று எப்போதோ ஒடிந்திருக்கிறது.
அதற்கு நேர் கீழேயுள்ளது
உரச ஆளில்லாமல்
வளர்ந்து, வளைந்து, அண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தது.
பசி இருந்திருக்கிறது.
வாய்தான் இல்லை.
நாள் முழுக்க உரசிப் பார்ப்பதே என் பிழைப்பு.
எனக்கு இது தெரியவில்லை.

பல்லைத் தேய்த்துவிட்டார்.
'மூணு வாரத்துக்கு ஒருக்கா கொண்டுவரணும்.'
வட்டிதானே, கட்டுவேன்.
'வயசும் இருக்கு, பாத்துக்கிடுங்க' என்றார்.
அது அசல்.
அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, நாலரைக்கு ஒருமுறை
ஊசியில்லாத சிரிஞ்சில் கேப்பைக்கூழ்.
வாயின் ஓரமாய், ஒரு துளி, பொறுத்து மறுதுளி;
அவசரப்பட்டால் புரையேறும்.
மீசையில் ஒட்டியதைத் துடைக்கும்போது
விலாவெலும்பு விரலில் எண்ணலாம்.
கண்ணோரம் குங்குமமாய் வடிந்திருந்தது.
ரத்தமென்று பதறினேன் முதல்நாள்.
நோவு கண்டால் அவன் கண்ணீரே அப்படித்தானாம்.

நாற்பதே முக்கால்.
நாற்பதரை.
நாற்பதரை.
ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, எடையும் இல்லை.
அன்று முழுக்கக் கையிலேயே தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.
கை பொய் சொல்லும்.
கூடியிருக்கிறான் என்றே சொன்னது.

திங்கட்கிழமை.
டப்பாவுக்குள் இறக்கி நிமிர்ந்தால்
ஷட்டருக்கு வெளியே முப்பிடாதியக்கா,
மகன் பீஸுக்குக் கம்மலைக் கழற்றிக் கையில் பொத்தியபடி.
தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
'இதுக்கு எம்புட்டுக் குடுப்பிய?'
'இது மீட்டாச்சுக்கா.'

மாவு விளிம்பில் ஒரு கையை வைத்தான்.
நாற்பத்தொன்று. நாற்பது. நாற்பத்தொன்றேகால்.
கூழ் இன்னும் வயிற்றில்தான் கிடக்கும், அந்தக் கணக்கும் உண்டு.
எண் நிற்கட்டும் என்று
அவளும் நின்றாள்.