தண்ணி காட்டியவர்கள்

வியாழக்கிழமைதோறும் கூடுகிறோம்,
திரியெஸ்தே நகரத்தின் பழங்காகிதக்காரர்கள்.
துறைமுக ஆவணக் காப்பகத்திலிருந்து நான்.
ஸ்லோவேனிய நூலகத்திலிருந்து ராடோஸ்லாவா.
காப்பீட்டு நிறுவனத்தின் நிலவறையிலிருந்து எஜீதியோ.
மருத்துவமனைப் பதிவறையிலிருந்து ஒந்தீனா.
நகராட்சி நூலகத்துக்காரர் வருவார் என்று
ஒரு காலி நாற்காலி.

எல்லாப் பட்டியலையும் ஒரே பட்டியலாக்க வேண்டும்.
மூன்று மாதமாகப் பேசுவது:
தேதியை நாளில் தொடங்குவதா, ஆண்டில் தொடங்குவதா.
காபி மட்டும் நன்றாக இருக்கும்.

பிறகு திரையில் ஒரு பெண் வந்தாள்.
இல்லை, மூன்று பெண்கள்.

1912, என் கூலிப் பேரேட்டில்
மரீயா வோடோபிவெட்ஸ், ஜெர்மன் எழுத்துக்கூட்டலில்.
1920, ராடோஸ்லாவாவின் வாசகர் பட்டியலில்
அதே வோடோபிவெட்ஸ், ஸ்லோவேனிய எழுத்துக்கூட்டலில்.
காதுக்கு ஒரே பெயர், கண்ணுக்கு இரண்டு.
கணினிக்குக் காது கிடையாது.
1933-இல் மரீயா பெவிலாக்குவா:
அரசாங்கம் அவள் குடும்பப்பெயரை
இத்தாலியனில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது.
எந்த மொழியிலும் பொருள் ஒன்றுதான்:
நீர்குடியன்.

"ஒருத்திதானா? எப்படி நிச்சயம்?" என்றார் எஜீதியோ,
பணம் கொடுக்காமலிருக்கப் பழகிய நிறுவனத்தின் குரலில்.
ஒந்தீனா வாசித்தாள்:
"இடது கை. மோதிர விரல், சுண்டு விரல். சல்லடை எந்திரம்."
எஜீதியோ தன் கோப்பைப் புரட்டினார்,
அதே இரண்டு விரல், அதே செவ்வாய்க்கிழமை,
கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.
என் பேரேட்டில் விரலைப் பற்றி ஒன்றுமில்லை.
காப்பிக்கொட்டையில் கல் பொறுக்குகிறவள்,
அடுத்த வாரத்திலிருந்து
பாதி எடை பொறுக்கியிருக்கிறாள்.
பாதிக் கூலி.

யாரும் காபியைத் தொடவில்லை.

அப்போதுதான் ராடோஸ்லாவா அந்த உறையை எடுத்தாள்.
அர்ஜென்டினாவில், ரொசாரியோவில்,
அன்செல்மோ பெவிலாக்குவா என்றொருவர்
தன் கொள்ளுப்பாட்டனின் தங்கையைத் தேடுகிறார்.
நான்கு ஆண்டுகளாக எழுதுகிறார்.
நாமும் பதில் போட்டிருக்கிறோம், மரியாதையாக:
எங்களிடம் இல்லை, ஸ்லோவேனிய நூலகத்தைக் கேளுங்கள்.
எங்களிடம் இல்லை, மருத்துவமனையைக் கேளுங்கள்.
எங்களிடம் இல்லை, காப்பீட்டாரைக் கேளுங்கள்.
எங்களிடம் இல்லை, துறைமுகத்தைக் கேளுங்கள்.
வட்டம் எங்கே தொடங்கியதோ
அங்கேயே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.
துறைமுகத்தின் கடிதத்தில் இருந்த கையெழுத்து
என்னுடையது.
'வருந்துகிறோம்' என்பதற்குக் கீழே,
அழகாக, சாய்த்து.

நீர்குடியன் வீட்டுப் பிள்ளைக்கு
நான்கு வருடம் தண்ணி காட்டியிருக்கிறோம்.

'ஒன்றாக்கவா?' என்று கேட்டது மென்பொருள்.
ஆம் என்று அழுத்தினாள் ஒந்தீனா.
'முதன்மைப் பெயர்?'
இத்தாலியப் பெயர் என்றால்
ராடோஸ்லாவா எழுந்து போய்விடுவாள்.
ஸ்லோவேனியப் பெயர் என்றால்
அன்செல்மோ தேடும்போது கிடைக்கமாட்டாள்.
காலியாக விட்டால் பெட்டி சிவக்கிறது.
அவளாக எழுதிய பெயர் என்ன என்று தேடினோம்.
கூலி வாங்கிய இடத்தில் எல்லாம்
ஒரு பெருக்கல் குறிதான்.
வாசகர் பட்டியலில் மட்டும்,
நடுங்கும் பென்சிலில், 'மரீயா'.
அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் போரா காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்.
பேரேட்டை மேலங்கிக்குள் பொத்திக்கொண்டு,
இன்னொரு கையால் கயிற்றைப் பிடித்தபடி
ஸ்லோவேனிய நூலகத்துக்கு நடந்தேன்.
ஏழு நிமிடம்.
இருபத்திரண்டு வருட வேலையில்
அந்தப் படிகளில் ஏறியதில்லை.
கதவைத் தள்ளிப் பார்த்தேன், திறக்கவில்லை.
உள்ளிருந்து ராடோஸ்லாவா சைகை காட்டினாள்:
இழுக்க வேண்டுமாம்.

அன்செல்மோவுக்கு ஒரே கடிதம், நான்கு கையெழுத்து.
தேதியில் மறுபடியும் சண்டை.
திரையில் அந்தப் பெட்டி
இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.